கியூபக்கா கட்டின வீடு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கியூபக்கா என்றால் தபால்காரர்கூடச் சரியான வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் விஜயநகரில் எங்கள் பக்கம் பாதி வீடும் பாதி முள்செடியுமாக இருந்தது. சைட்டு கிடைத்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வீடு கட்ட ஆரம்பித்திருந்தோம். லாரியில் ஜல்லி வந்து கொட்டும் சத்தத்தில்தான் கண் விழிப்போம். எங்கள் சைட்டுக்கு அடுத்த சைட்டு அவளுடையது. அப்போது அவள் தெருக்கோடியில் வாடகைக்கு இருந்தாள்.

எங்கள் வீட்டில் பூச்சு வேலை நடந்தபோதுதான் முதல்முறையாக வந்தாள். நலமா என்று கேட்கவில்லை, பெயர் சொல்லவில்லை. கலவைச் சட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். உருண்டை பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

“ஏம்மா, பாயசத்துல முந்திரிய அள்ளிக் கொட்டற மாதிரி சிமெண்டக் கொட்டியிருக்கீங்களே, யார் யோசனை?”

யோசனை எங்கள் வீட்டுக்காரருடையது. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ‘கெட்டியா இருக்கட்டும்’ என்பதுதான் அவருக்கு எல்லாவற்றுக்கும் பதில். மேஸ்திரி ஒரு சட்டி சிமெண்ட் போதும் என்றால் இவர் இன்னும் அரைச் சட்டி போடச் சொல்வார். சாயங்காலம் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “பொம்பளைங்களுக்கு சிமெண்டப் பத்தி என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

பூச்சு காய்ந்தது. சுண்ணாம்பு அடிப்பதற்குள் கூடத்துச் சுவர் முழுக்க மெல்லிய வெடிப்பு ஓடிவிட்டது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் ஒரு வெடிப்பைத் தொட்டு அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். “இது காவேரி. இதோ கபினி வருது பாரு. ரெண்டும் இங்க சேருது. அப்போ டி.நரசிபுரம் இந்த ஸ்விட்சு போர்டுக்குக் கீழ இருக்கணும்” என்றாள். சிமெண்ட் அதிகமானால் காயும்போது அதிகமாகச் சுருங்கும், சுருங்கினால் இழுத்துக்கொண்டு வெடிக்கும் என்று பிறகு நிதானமாகச் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சுவரில் கண்ட கண்ட கடைக் காலண்டரையெல்லாம் கொண்டுவந்து மாட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நதியையும் மறைக்க வேண்டுமே.

அக்காவுக்கு வேலை ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், கான்கிரீட் சோதனைக் கூடத்தில். கான்கிரீட்டைக் கலந்து, இரும்பு அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, நாள் ஆனதும் எடுத்து எந்திரத்தில் வைத்து நசுக்க வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்குகிறதோ அதுதான் அதன் பலம். அந்தக் கட்டிக்குப் பெயர் கியூப். வருஷக்கணக்காக இதையே செய்து, உலகத்தில் எதையும் நசுக்கிப் பார்க்காமல் நம்பக்கூடாது என்ற முடிவுக்கு வந்திருந்தாள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பாள், சரி. பிளாஸ்டிக் நாற்காலி வாங்கப் போன கடையில் அதன்மேல் ஏறி நின்று குதித்தவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைக்காரர் பதறினார். “வீட்டுக்குப் போய் உடையறதுக்கு இங்கயே உடையட்டுமே” என்றாள்.

மனிதர்களுக்கும் விலக்கு இல்லை. பழகிய புதிதில் என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாள்: வாடகை வீட்டுக்காரரின் நாய் அவளுக்கு மட்டும் பயப்படுகிறதாம், யாரிடமும் சொல்லாதே என்றாள். இரண்டு நாள் கழித்துப் பால்காரர் அவளிடமே அதைச் சொன்னாராம். “பரவால்ல, ரெண்டு நாள் தாங்கியிருக்கே” என்று என் தோளில் தட்டினாள். அதற்குப் பிறகும் என்னோடு சினேகமாகத்தான் இருந்தாள். பலம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதற்குத் தகுந்த கனத்தை மட்டும் வைக்கலாம், அவ்வளவுதானே.

அவள் வாடகை வீடு முழுக்கக் கல்லூரியில் நசுங்கிய கியூப்கள் கிடக்கும். கதவு சாத்தாமல் இருக்க ஒன்று, தண்ணீர்ப் பீப்பாய்க்கு அடியில் நான்கு, துவைக்கும் இடத்தில் உட்கார ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் என்ன கலந்தது என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். தசராவுக்கு அந்தக் கட்டிகளை அடுக்கி, பட்டுப் புடவையைப் போர்த்தி, பொம்மைக் கொலுவுக்குப் படி கட்டிவிடுவாள். ஒரு வருஷம் சுண்டல் வாங்க வந்த மாமி ஒருத்தியின் கால் இடறியதில் புடவை நழுவியது. ராஜா ராணி பொம்மை நின்ற கட்டியில் ‘ஃபெயில்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா புடவையை இழுத்துவிட்டபடி, “ஃபெயிலானதும் எதையாவது தாங்கத்தான் செய்யும் மாமி, சுண்டல் எடுத்துக்கோங்க” என்றாள்.

இத்தனை சோதனையும் ஒரே காரியத்துக்காகத்தான். சிமெண்டை எப்படிக் குறைப்பது, அதன் இடத்தில் வேறு எதைப் போடுவது. செங்கல் தூள், சுண்ணாம்பு, சர்க்கரை ஆலைச் சாம்பல், அரிசி மில்லில் உமி எரித்த சாம்பல் என்று எதைக் கண்டாலும் முந்தானையில் கொஞ்சம் முடிந்துகொண்டு வருவாள். உமிச் சாம்பலை நைசாக அரைத்தால்தான் சிமெண்டோடு சேரும் என்று ஒருநாள் மாவு மில்லில் டப்பாவோடு வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ராகி, பின்னால் இருந்தவர்கள் ராகி. மில்காரர் டப்பாவைத் திறந்து சாம்பலைப் பார்த்ததும், இதையெல்லாம் மிஷினில் போடமுடியாது என்று கன்னடத்தில் அலறிவிட்டார். “பூதியா? பூதின மிஷின்ல ஹாக்தீரா? ஆகல்லம்மா!”

அக்கா அசரவில்லை. எல்லாரும் போன பிறகு கடைசியாக அரைக்கட்டும், மிஷினைத் தானே துடைத்துத் தருகிறேன், அதற்கப்புறம் முதலில் தன் வீட்டு ராகியை அரைக்கட்டும் என்றாள். அப்படியே நடந்தது. மறுநாள் அந்த ராகியில் களி கிளறி, மில்லுக்கே எடுத்துப்போய் அவர் எதிரில் தின்று காட்டினாள். மில்காரரும் ஒரு வாய் வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒரு உருண்டை அனுப்பியிருந்தாள். நான் ரோஜாச் செடிக்குப் போட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வாழ்க்கைப்பட்டதே சிமெண்ட் வியாபாரிகள் வீட்டில். கணவரின் அண்ணனுக்குத் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட், கம்பிக் கடை. அண்ணனை அவள் மைசூர் வழக்கப்படி ‘பாவா’ என்பாள். சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் என்றதும் பாவாவுக்கு ஒரே சந்தோஷமாம். கடைக்குத் தோதான பெண் என்று ஊரெல்லாம் சொன்னாராம். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் அவளைக் கடையில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வருவதற்குள் ஒருவருக்குப் பாதி மூட்டை போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இன்னொருவரிடம் சுற்றுச்சுவருக்குச் சிமெண்டே வேண்டாம், சுண்ணாம்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று எதிர்க்கடையைக் கைகாட்டியிருந்தாள். பாவா அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்துக்கொண்டார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அப்போது எங்கள் சிமெண்ட் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“சேலம் பக்கம் சிமெண்ட் ஆலை ஊருதான் நான் பொறந்தது. எங்கப்பாவுக்கு சூளையில வேலை. சமையக்கட்டு ஜன்னலத் தொறந்தா ஒரு குன்று தெரியும். சுண்ணாம்புக் கல்லுக் குன்று. வெட்டி வெட்டி எடுத்து, மலைமலையாக் கரியப் போட்டுச் சுடுவாங்க. நான் டிப்ளமா முடிக்கறதுக்குள்ள அங்க பள்ளந்தான் இருந்துது. எங்கப்பா ரிட்டயர்டு ஆனதும் ஜன்னல்கிட்ட உக்காந்து, ‘இங்க ஒரு குன்று இருந்துதுல்ல?’ன்னு கேப்பாரு. அவரே சுட்டுத் தீத்தது.” சுவரைத் திரும்பிப் பார்த்தாள். “அதுல கொஞ்சம் உங்க வீட்டுச் சுவத்துல காலண்டருக்குப் பின்னால வெடிச்சுக்கிட்டு நிக்குது. வயிறு எரியாதா எனக்கு?”

நான் காலண்டரை ஒதுக்கி அந்த வெடிப்பை இன்னொரு தடவை பார்த்தேன்.

அவள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில்வேயில் கணக்குப் பிரிவு. பரம சாது. அண்ணன் சொல்லைத் தட்டி அறியாதவர். சட்டைத்துணியிலிருந்து சைக்கிள் வரை எதற்கும், “அண்ணாவ ஒரு வார்த்த கேட்டுடறேன்” என்பார். அண்ணன் இட்ட கோட்டைத் தாண்டமாட்டார் என்பதைவிட, கோட்டுக்குப் பக்கத்திலேயே போகமாட்டார் என்பதுதான் சரி. இவரோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று கேட்டால், “நல்ல மனுஷன், கொஞ்சம் சாம்பல் கலந்த கலவை. மெதுவாத்தான் இறுகும். அவசரப்பட்டு நசுக்கிடக்கூடாது” என்பாள்.

அவள் வீடும் எழும்ப ஆரம்பித்தது. சுவருக்குச் சைட்டு மண்ணிலேயே கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து, கையால் அழுத்தும் மிஷினில் கல் அடித்தாள். அதையெல்லாம் தெரு பொறுத்துக்கொண்டது. கூரைக்கு வந்தபோதுதான் ரகளை. பழைய அக்ரஹாரத்து வீடு ஒன்றை இடித்த இடத்திலிருந்து மங்களூர் ஓடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். கம்பி கட்டி, கம்பிகளுக்கு இடையில் அந்த ஓடுகளை வைத்து, அதற்குமேல் கான்கிரீட் போடச் சொன்னாள். மேஸ்திரி தமிழ்நாட்டு எல்லைப்பக்கம் ஹனூர்க்காரர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்கம்மா, ஓட்டக் கூரைக்கு மேல போட்டுத்தானுங்க பாத்திருக்கறேன். நீங்க கூரைக்குள்ளாற பொதைக்கச் சொல்றீங்ளே. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எம்பேருதானுங்க கெட்டுப்போகும்.”

“ஆச்சுன்னா நான்தான் கீழ இருப்பேன் மேஸ்திரி. உங்க பேரச் சொல்றதுக்கு நான் மிஞ்சமாட்டேன். தைரியமா வேலையப் பாருங்க.”

எனக்கு மட்டும் இட்லி வைத்து விளக்கினாள். இரண்டு கையாலும் பிடித்து வளைக்கச் சொன்னாள். வளைத்தேன். அடிப்பக்கம் விண்டது. “பாத்தியா? தளமும் இப்படித்தான் கனம் வந்தா இம்மி வளையும். மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். நெருக்கறத கான்கிரீட் தாங்கும். இழுக்கறதுக்கு அதுக்குத் தெம்பு கெடையாது, கம்பிதான் தாங்கணும். அப்போ அடியில கம்பிக்கு நடுவுல இருக்கற கான்கிரீட்டுக்கு என்ன வேலை? ஆபீசுக்கு வந்து சும்மா உக்காந்துட்டுப் போற ஆளுதான். அந்த எடத்துல ஓட்ட வெச்சா சிமெண்டும் மிச்சம், கூரைக் கனமும் கம்மி.” எனக்குப் புரிந்தது. இட்லியைச் சாப்பிட்டுவிட்டேன்.

தளத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை எடுத்ததும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். சாம்பல்நிறக் கான்கிரீட்டுக்கு நடுவில் வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடு. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பாவா வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்போடு நிலைக்கு வெளியே நின்று, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி மேலே பார்த்தார்.

“ஏன்மா இது? கூரையா, கோழிக்கூண்டா? பாதி எடத்துல சிமெண்டே இல்ல! என் கடையில மூட்ட தீந்துபோச்சா என்ன? ஒரு வார்த்த கேட்டிருந்தா லோடு அனுப்பியிருப்பேனே.”

“இதே போதும் பாவா. கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன்.”

“உன் கணக்கு காலேஜுல இருக்கட்டும். என் தம்பி இதுக்குக் கீழ படுக்கமாட்டான். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடிச்சாச்சு, அது நடக்கட்டும். மறுநாளே ஆள் அனுப்பறேன். இதப் பேத்துட்டு ஒழுங்கா வேற தளம் போட்டுக்கலாம். ஆய்து, முடிஞ்சுபோச்சு, விடு.”

தம்பி அண்ணனுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்தாள். அவர் நிமிரவில்லை. “அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மெதுவாகச் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன். கூரையைப் பேர்த்தால் போவது ஓடும் கம்பியும் மட்டும் அல்ல. பேர்க்காமல் விட்டால் அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

எகிறப் போகிறாள் என்று நினைத்தேன். “சரி பாவா” என்றாள். அவள் சரி என்று சொன்னதே எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்து இன்னும் பணிவாக, “பந்திய உள்ள கூடத்துலயே போட்டுடலாமா பாவா? எல்லாரும் ஒரே எடத்துல உக்காந்துக்கலாம்” என்று கேட்டாள்.

“உள்ளயா? இதுக்குக் கீழயா? என்ன வெளையாடறியா? ஒருத்தரும் கீழ உக்காரக்கூடாது. மேல மொட்ட மாடியில ஷாமியானா போடு. காத்தோட்டமா இருக்கும், சாமுண்டி மலையும் தெரியும்.”

“நீங்க சொன்னா சரி பாவா” என்றாள் மறுபடியும். கூரைக்குக் கீழே இருந்தால்தான் தலையில் விழும், மேலே இருந்தால் விழாது என்பது பாவாவின் கணக்கு.

கிரகப்பிரவேசத்தன்று பசு உள்ளே போய் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. அதற்கு இருந்த தைரியம் அக்காவின் கணவருக்கு இல்லை. ஹோமம் வாசல் பந்தலில் நடந்தது. பால் காய்ச்ச மட்டும் உள்ளே போனார். அடுப்பைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. பொங்கியது நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் அதைக் கேட்க நிற்கவில்லை, வெளியே போயிருந்தார்.

கூடத்து நடுவில் மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றும் சுற்றி ஒரு சவுக்குக் கட்டை நின்றது. தரையிலிருந்து கூரைவரை போயிருந்தது. ஏதோ முகூர்த்தக்கால் என்று நினைத்துப் பாவாவின் மனைவி அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே போனாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள்.

மேலே இலை போட்டார்கள். அக்கா மாடிப்படியின் கீழே நின்று ஒவ்வொருவராக உபசரித்து ஏற்றிவிட்டாள். “பாவா, நீங்க நட்ட நடுவுல உக்காருங்க. பெரியவங்க அங்கதான் உக்காரணும்.” கனத்த உடம்புக்காரர்களையெல்லாம் அவருக்கு இரண்டு பக்கமும் அமர்த்தும்படி பரிமாறுகிறவரிடம் சொல்லிவைத்திருந்தாள். சாம்பார் அண்டா, தண்ணீர் டிரம், பாயச அண்டா எல்லாவற்றையும் ஓரத்தில் வைக்கக்கூடாது என்றும் உத்தரவு. எங்கள் வீட்டுக்காரரையும் நடுவுக்கே அனுப்பினாள். அவரும் லேசானவர் அல்ல.

எல்லாரும் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே கூடத்துக்கு ஓடினாள். சவுக்குக் கட்டையின் அருகில் ஸ்டூல் போட்டு ஏறினாள். அப்போதுதான் பார்த்தேன், கட்டை கூரையைத் தொடவில்லை. மயிரிழை இடைவெளி இருந்தது. இடுப்பில் செருகியிருந்த கிரகப்பிரவேசப் பத்திரிகை அட்டைகள் இரண்டை எடுத்தாள்.

“காலையில ரெண்டு அட்டையும் சேந்து உள்ள போச்சு. இப்போ கூரை எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாப்போம். ஒரு அட்டையாவது போகணும்.”

எனக்கு விஷயம் புரிந்தது. “அக்கா! மேல மனுஷங்க இருக்காங்க. எங்க வீட்டுக்காரர் இருக்காரு!”

“நான் என்ன கொலைகாரியா? போன வாரமே மணல் மூட்டைய அடுக்கி ஒரு நாள் முழுக்க வெச்சுப் பாத்துட்டேன். இதவிட ஜாஸ்தி கனம். ஒண்ணும் ஆகல.”

“அப்புறம் எதுக்கு இவங்க?”

“மணல் மூட்ட வெளிய போய் சாட்சி சொல்லாதில்ல” என்றாள்.

இரண்டு அட்டைகளைச் சேர்த்து வைத்துத் தள்ளினாள். போகவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போனது, வந்தது. “ஒரு அட்டை தடிமன் எறங்கியிருக்கு. இவ்வளவுகூட எறங்கலேன்னாதான் சந்தேகப்படணும். இவங்க எழுந்து போனதும் மறுபடி ரெண்டும் போகணும். கூரை பழையபடி நிமுந்துக்கணும். அதான் பரீட்சை.” சொல்லும்போது குரல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அதே அட்டையை மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். “மணல் மூட்டைக்கு உசிரு இல்லையே, அதான்” என்றாள்.

மேலே பாயசம் வந்த ஆரவாரம் கேட்டது. யாரோ பாவாவுக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்கள். ஊற்றட்டும், ஊற்றட்டும் என்று முணுமுணுத்தபடி அக்கா அட்டையைத் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. அக்காவின் கணவர். கையில் ஒரு தம்ளர் தண்ணீர். “நீ மேல வரலையே, உனக்கு இலை போட்டிருக்கு” என்று வெளியே நின்றே ஆரம்பித்தவர், ஸ்டூலையும் கட்டையையும் அட்டையையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். மேலே அண்ணாந்தார். மறுபடி அவளைப் பார்த்தார். கணக்குப் பிரிவில் இருப்பவர் அல்லவா, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எத்தன நேரமா இங்க நிக்கற?” என்றார்.

“நீங்க வெளிய போங்க. பந்தி முடியட்டும், சொல்றேன்.”

அவர் போகவில்லை. தம்ளரை நிலைப்படி ஓரமாக வைத்தார். செருப்பைக் கழற்றினார். கூரையைப் பார்க்காமல், அவளை மட்டும் பார்த்தபடி நேராக நடந்து கூடத்து நடுவுக்கு வந்தார். தலைக்கு மேலே அவருடைய அண்ணனும் சொந்தக்காரர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக இருந்தது. “எறங்கு. அட்டைய இங்க குடு. மொதப் பந்தி முடியப்போகுது, ரெண்டாவது பந்தியில நீ போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்.”

“பயமா இல்ல உங்களுக்கு?”

“இருக்கு” என்றார். “குடு.”

அக்கா அட்டைகளைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே தள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. கடைக்காரன் நாற்காலியையே நம்பாதவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் பின்னாலேயே ஓடினேன்.

முதல் பந்தி எழுந்துவிட்டது. எல்லாரும் கை கழுவ ஓரத்துக்கு நகர்ந்தார்கள், இலையை எடுத்தார்கள். பாவா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சாமுண்டி மலையைப் பார்த்து நின்றார். அக்கா இரண்டாம் பந்தியில், அவர் எழுந்துபோன அதே நடு இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். அப்போது ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து சத்தம் வந்தது. அந்த மனிதர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

“ரெண்டு அட்டையும் போகுது!”

“என்னடா ரெண்டு? எங்கடா இருக்க நீ?” என்று பாவா கைப்பிடிச் சுவரில் குனிந்து கேட்டார்.

“வீட்டுக்குள்ள இருக்கேண்ணா. கூடத்துல. நீங்க எல்லாரும் உக்காந்தப்போ ஒரு அட்டை தடிமன்தான் எறங்கிச்சு. எழுந்ததும் கூரை நிமுந்துக்கிச்சு. நானே பாத்தேன்.”

பாவாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “என்னை மூட்டையாக்கிட்டியாம்மா?”

“உங்க அளவுக்கு நல்ல மூட்ட கெடைக்கல பாவா” என்றாள் பணிவாக.

சிரிப்பு அடங்குவதற்குள் கீழேயிருந்து மறுபடியும் குரல் வந்தது. “அண்ணா, நாளைக்கு ஆள் அனுப்ப வேணாம். நாங்க இன்னிலேருந்து இங்கதான் படுத்துக்கப் போறோம்.” கேட்கவில்லை, சொன்னார். கொஞ்சம் இடைவெளி விட்டு, “எனக்குப் பசிக்குது, மேல வரலாமா?” என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

“அவர் மேல வரவேணாம். கீழ கூடத்துல ஒரு இலை போடுங்க. வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளயே உக்காந்து சாப்பிடட்டும்.”